தரகரின் நாணயம்

வெள்ளி ரூபாய் புழங்கிய காலத்தில், கடைவீதியில் ஒரு காசைக் கையில் வாங்கிய வியாபாரி அதன் பளபளப்பைக் கண்டு திருப்தி அடைந்துவிடமாட்டான். கட்டைவிரலால் அதைச் சுண்டிவிட்டு, கல்லின் மேல் விழுந்து எழும் ஓசைக்குச் செவிகொடுத்து, ஒலி சுத்தமாக இருந்தால் மட்டுமே பெட்டியில் போடுவான். அந்தக் காசுக்கு வழங்கிய ‘நாணயம்’ என்ற அதே சொல்லை மனிதனுடைய நேர்மைக்கும் நம் மொழி வழங்கியிருக்கிறது. இதன் பொருத்தத்தை நான் ஆழ்ந்து சிந்தித்தது, என் தங்கையின் கணவர் வீடு வாங்கியதை உடனிருந்து பார்த்த பிறகுதான்.

தாம்பரத்துக்கு அப்பால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீடு. விலை 50 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சத்தைக் கடனாகப் பெறுவது என்பது தீர்மானம். முன்பணம் கொடுத்த அன்று மாலையே ஓர் இளைஞர் விண்ணப்பப் படிவங்களோடு வீடு தேடி வந்தார். இனிமையான பேச்சும், நேர்த்தியான உடையும், பெரியவர்களைக் கண்டதும் எழுந்து நிற்கும் மரியாதையும் அவரிடம் இருந்தன.

“சார், பென்சில்ல அடையாளம் வச்ச இடத்துல மட்டும் கையெழுத்துப் போடுங்க. மத்ததையெல்லாம் நான் பூர்த்தி பண்ணிக்கிறேன்” என்றார்.

“வட்டி எவ்வளவு, தம்பி?” என்று நான் கேட்டேன்.

“இருக்கறதுலயே கம்மியா வாங்கித் தர்றேங்க ஐயா” என்று பதில் வந்தது.

“அவரே எல்லாம் பாத்துக்கறேங்கறாரு, விடுங்க மச்சான்” என்று சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை பதினேழு இடங்களில் கையொப்பமிட்டார்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு கடன் கணக்கின் விவரம் தபாலில் வந்தபோது, கடன் 40 லட்சமாக இல்லாமல் 41½ லட்சமாக இருப்பதையும், கூடுதல் ஒன்றரை லட்சம் ஓர் ஆயுள் காப்பீட்டுக்கான ஒரே தவணைப் பிரீமியம் என்பதையும், அதே சம்பளமும் அதே யோக்கியதையும் கொண்ட அலுவலக நண்பர் ஒருவர் வேறொரு வங்கியில் அரை சதவீதம் குறைந்த வட்டியில் கடன் பெற்றிருப்பதையும் கண்டு அவர் திகைத்துப் போனார். அந்த ஒரு விண்ணப்பம் ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தது என்பது அதற்கும் பிறகே தெரிந்தது. இளைஞரின் தொலைபேசி பதில் சொல்லவில்லை. அவர்மீது என்ன குற்றம் சாட்டுவது? எந்தக் கையொப்பமும் பொய்க் கையொப்பம் இல்லை. பதினேழும் மாப்பிள்ளையின் கைப்பட்டவையே. கடைவீதி வியாபாரி ஒற்றை ரூபாய்க்குச் செய்த பரீட்சையை, 40 லட்சத்துக்கு நாங்கள் செய்யத் தவறினோம். முகத்தின் பளபளப்பைப் பார்த்தோமே தவிர, சுண்டிப் பார்க்கவில்லை. எப்படிச் சுண்டுவது என்பதை, வீடு வாங்க இருக்கும் குடும்பங்களுக்காக இங்கே விவரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஈடும் இடையில் நிற்பவரும்

நிலத்தையும் வீட்டையும் ஈடாக வைத்துக் கடன் வாங்கும் வழக்கம் நமக்குப் புதியது அன்று. சொத்தின் அனுபோகத்தையே கடன் கொடுத்தவரிடம் விட்டுக்கொடுத்தால் அதை ஒத்தி என்றும் போக்கியம் என்றும், அனுபோகத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் ஈடு என்றும் அடமானம் என்றும் நம் முன்னோர் வகுத்துப் பேசினார்கள். 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், தன் 58-வது பிரிவில் அடமானத்தின் வகைகளை விவரித்தபோது, சென்னை, பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களில், உரிமைப் பத்திரங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைப்பதையே ஓர் அடமானமாக அங்கீகரித்தது. இன்று வங்கிகள் தரும் வீட்டுக் கடன்களில் மிகப் பல அந்த வழியையே அனுசரிக்கின்றன. தாய்ப்பத்திரமும் கிரயப் பத்திரமும் வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் போய், கடைசித் தவணை கட்டும் வரையில் அங்கேயே உறங்குகின்றன.

முற்காலத்தில் கடன் கேட்பவர் கொடுப்பவரை நேரில் சென்று பார்த்தார். 1872-ல் தோன்றிய மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி போன்ற ஸ்தாபனங்களிலும், கூட்டுறவு வீடு கட்டும் சங்கங்களிலும், அங்கத்தினர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருந்தார்கள். 1977-ல் எச்.டி. பரேக் தொடங்கிய எச்.டி.எஃப்.சி. நிறுவனம், நடுத்தரக் குடும்பத்தின் சம்பளத்தை நம்பி நீண்டகால வீட்டுக் கடன் கொடுக்கும் முறையை நாட்டில் பரப்பியது. 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி பிறந்தது. பின்னர் வங்கிகள் எல்லாம் இந்தத் துறையில் போட்டியிட்டுப் புகுந்தபோது, வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்து, காகிதங்களைத் திரட்டி, கிளையில் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு புதிய வர்க்கம் உருவாயிற்று. வங்கிக்காரர்கள் இவர்களை டி.எஸ்.ஏ. என்று அழைக்கிறார்கள், நேரடி விற்பனை முகவர் என்பது அதன் பொருள். ஜனங்கள் ‘லோன் ஏஜெண்ட்’ என்கிறார்கள். பழைய தமிழில் சொன்னால் தரகர்.

கூலி யார் கொடுப்பது?

ஒருவருடைய விசுவாசம் எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், அவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். வீட்டுக் கடன் முகவருக்குத் தரகு கொடுப்பது கடன் வழங்கும் நிறுவனம். கடன் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில், பணம் பட்டுவாடா ஆன பிறகு அவருக்கு அது வந்து சேர்கிறது. அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40 லட்சத்துக்கு 20,000 ரூபாய். உழைப்புக்குக் கூலி பெறுவதில் இழுக்கு எதுவும் இல்லை. ஆனால், கடன் பெருகினால் தரகும் பெருகும் என்பதையும், ஒரு நிறுவனம் மற்றொன்றைவிட அதிகத் தரகு கொடுக்கக்கூடும் என்பதையும், காப்பீட்டை விற்றால் அதிலும் தனி வருமானம் இருக்கக்கூடும் என்பதையும் நாம் மனத்தில் இருத்த வேண்டும். நம் எதிரே உட்கார்ந்து நம் காரியத்தைப் பேசுகிறவர், சட்டப்படி நம்முடைய பிரதிநிதி அல்லர், வங்கியின் பிரதிநிதி.

பிற நாடுகளும் இந்தச் சிக்கலைக் கடந்தே வந்திருக்கின்றன. அமெரிக்காவில் வீட்டுக் கடன்களால் விளைந்த பெருநஷ்டத்துக்குப் பின், இத்தொழிலில் ஈடுபடுவோர் உரிமம் பெறுவதும் பதிவு செய்துகொள்வதும் 2008-ம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயின. அதிக வட்டியில் கடனைத் தள்ளிவிட்டால் அதிகத் தரகு என்ற ஏற்பாடு 2011-ல் தடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஓர் அரச விசாரணைக் குழு 2019-ல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்ததன் பயனாக, அடமானத் தரகர் கடன் வாங்குவோரின் நலத்தையே முதன்மையாகக் கருத வேண்டும் என்ற கடமை 2021 ஜனவரி 1 முதல் சட்டமாயிற்று.

நம் நாட்டின் நிலை வேறு. வீட்டை விற்றுத் தரும் தரகர், 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில் தொழில் செய்ய, அதற்குரிய ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்; கடன் வாங்கித் தருகிற தரகருக்கோ அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. அவருக்கு ஆதாரம் வங்கி கொடுத்த நியமனம் ஒன்றே. எனினும் நமக்கு ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. தான் நியமித்த முகவரின் செயல்களுக்கு வங்கியே பொறுப்பாளி என்பதை ரிசர்வ் வங்கி 2006-லேயே தன் வழிகாட்டு நெறிகளில் திட்டவட்டமாகக் கூறிவிட்டது. ஆகவே முதற்கேள்வி, “தம்பி, உங்களை நியமித்த வங்கி எது? நியமனக் கடிதத்தைப் பார்க்கலாமா?” என்பதாக இருக்கட்டும். பெயரையும் முகவர் எண்ணையும் குறித்துக்கொண்டு, கிளைக்கு நேரில் சென்று விசாரிக்க அரை மணி நேரம் போதும். நாணயமான முகவர் இந்த விசாரணையை அவமதிப்பாகக் கருதமாட்டார்; கோபித்துக்கொள்பவருடைய ஓசை அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி: “எத்தனை நிறுவனங்களுக்கு நீங்கள் வேலை செய்கிறீர்கள்? எனக்கு இதைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் என்ன?” ஒரே வங்கிக்கு வேலை செய்பவர் அதைத்தான் சிபாரிசு செய்ய முடியும், அதை அவர் ஒளிக்காமல் சொன்னால் போதுமானது. பலவற்றுக்கு வேலை செய்பவர், இரண்டு மூன்று நிறுவனங்களின் நிபந்தனைகளை ஒரே தாளில் அருகருகே எழுதித் தர வேண்டும். மூன்றாவது கேள்வி: “உங்களுக்கு நான் ஏதாவது கொடுக்க வேண்டுமா?” வங்கியிடம் தரகு பெறுகிறவர், பரிசீலனைக் கட்டணம் என்றோ, மேலதிகாரியைச் சரிக்கட்ட என்றோ, நம்மிடம் ரொக்கம் கேட்பாரானால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வது உத்தமம். வங்கிக்குரிய கட்டணத்தை வங்கியின் கணக்கில் செலுத்தி, வங்கியின் ரசீதைப் பெற வேண்டும். தனி மனிதரின் கணக்கில் ஒரு ரூபாயும் போகலாகாது.

அரை சதவீதத்தின் எடை

அரை சதவீதம் என்பது செவிக்குச் சிறிய சொல். கணக்கிட்டுப் பார்த்தாலே அதன் எடை விளங்கும். 40 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளில், எட்டரை சதவீத வட்டியில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை சுமார் 34,713 ரூபாய். ஒன்பது சதவீதமானால் சுமார் 35,989 ரூபாய். மாதந்தோறும் 1,276 ரூபாய்தானே என்று தோன்றும். 240 மாதங்களில் அது 3 லட்சத்து 6 ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. மாப்பிள்ளையின் கடனில் நுழைக்கப்பட்ட அந்த ஒன்றரை லட்சக் காப்பீட்டுப் பிரீமியமும் அப்படியே: கடனோடு சேர்ந்து 20 ஆண்டுகள் வட்டி சுமக்கும்போது, எட்டரை சதவீதத்திலேயே அதற்காக அவர் செலுத்துவது 3 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேல். கடன் வாங்கும் குடும்பத் தலைவருக்கு ஆயுள் காப்பீடு இருப்பது விவேகமே. ஆனால் இன்ன நிறுவனத்தில்தான் வாங்க வேண்டும், இல்லையேல் கடன் கிடைக்காது என்று ஒருவர் சொன்னால், அதற்குச் சட்டத்தில் ஆதாரம் எங்கே என்று எழுத்தில் கேட்க வேண்டும். வேறிடத்தில் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்து, ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும் வழி நமக்குத் திறந்தே இருக்கிறது.

இந்த மறைவான செலவுகளையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதற்காக ரிசர்வ் வங்கி செய்திருக்கும் ஓர் ஏற்பாட்டை, வீடு வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் தனிநபர் கடன்களுக்கு, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்’ என்ற முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். வட்டியோடு, பரிசீலனைக் கட்டணம், சட்ட ஆய்வுச் செலவு, காப்பீடு முதலிய எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். அதில் குறிப்பிடாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னர் வசூலிக்க முடியாது. வீட்டுக் கடன் போன்ற நீண்டகாலக் கடன்களுக்கு, அந்த அறிக்கையைப் படித்து யோசித்துப் பார்க்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசமும் உண்டு. “இன்னிக்கே போட்டாத்தான் இந்த வட்டி” என்று அவசரப்படுத்தும் குரலுக்கு, அந்த மூன்று நாட்களே தகுந்த விடை. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது விளம்பரத்தில் மின்னும் வட்டியை விட்டுவிட்டு, இந்த ஆண்டுச் சதவீதத்தையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வட்டி இன்று எவ்வளவு என்பதோடு, நாளை அது எதைப் பின்பற்றி ஏறும், எதைப் பின்பற்றி இறங்கும் என்பதையும் கேட்பது முக்கியம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் போன்ற ஒரு வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டு, மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் திருத்தப்பட வேண்டும். இந்த விதி வங்கிகளுக்கு உரியது. வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் தாங்களே நிர்ணயிக்கும் விகிதத்தைப் பின்பற்றலாம். ஆகவே, “இது ரெப்போவைச் சார்ந்ததா, நிறுவனத்தின் சொந்த விகிதத்தைச் சார்ந்ததா?” என்ற கேள்விக்கு ஒரு முகவர் நேராகப் பதில் சொல்லுகிறாரா என்பதே, அவருக்குத் தொழில் தெரியுமா என்பதற்கும், தெரிந்ததைச் சொல்ல மனம் இருக்கிறதா என்பதற்கும் ஒருசேரப் பரீட்சையாகும்.

நம்பத்தகாத வாக்குறுதிகள்

சில வாக்குறுதிகள் இனிமையாக ஒலிக்கும்போதே அபாயத்தை அறிவிக்கின்றன. “கையிலேர்ந்து ஒரு பைசா வேண்டாம், முழுத்தொகையும் வாங்கித் தர்றேன்” என்பது அவற்றுள் முதலாவது. சொத்தின் மதிப்பில் எவ்வளவு பங்கைக் கடனாகத் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி எல்லை வகுத்திருக்கிறது: 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையில் 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். பத்திரச் செலவை இந்த மதிப்பில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்குப் பெரும்பாலும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எனவே 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 40 லட்சம் கடன் கிடைத்தாலும், மீதி 10 லட்சமும், பத்திரச் செலவு சுமார் நாலரை லட்சமும் நம் சேமிப்பிலிருந்தே வர வேண்டும். இந்த எல்லையைத் தாண்டித் தருவதாகச் சொல்பவர், விலையை உயர்த்திக் காட்டி ஒப்பந்தம் எழுதவோ, சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் திருத்தவோ துணிந்தவராக இருக்கக்கூடும். அப்படித் திருத்தப்பட்ட காகிதத்தின் கீழே இருப்பது நம் கையொப்பம். பின்னர் தவணை தவறினால், 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலே வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கடன் கொடுத்தவருக்கு உண்டு என்பதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

“அஞ்சாறு இடத்துல போட்டு வைப்போம், எது முதல்ல வருதோ அதை எடுத்துக்கலாம்” என்பது மற்றொன்று. கடன் கேட்டு ஒரு விண்ணப்பம் போகும்போதெல்லாம் நம்முடைய கடன் வரலாற்றில் ஒரு விசாரணை பதிவாகிறது. குறுகிய காலத்தில் அவை குவிந்தால், 300 முதல் 900 வரை அளக்கப்படும் மதிப்பெண் குறையக்கூடும். முகவரைச் சந்திக்கும் முன்பே நம் அறிக்கையை நாமே வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. அதில் தவறு இருந்தால் முன்கூட்டியே திருத்திக்கொள்ளலாம். மதிப்பெண் நன்றாக இருந்தால், வட்டியைக் குறைத்துக் கேட்க அதுவே நமக்குப் பக்கபலம்.

“லீகல் எல்லாம் பேங்க்ல பாத்துட்டாங்க, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?” என்பது மூன்றாவது. வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் பணத்துக்குக் காவலர். அவருடைய கருத்து நமக்குப் பயன்படும் என்றாலும், நம்முடைய ஆயுட்காலச் சம்பாத்தியத்துக்குக் காவலாக நாமே ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, தாய்ப்பத்திரத்தையும், 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றையும், பட்டாவையும், கட்டட அனுமதியையும் பார்க்கச் செய்வது அவசியம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே நாம் எடுத்துக்கொள்ளலாம். அசல் பத்திரங்களை எக்காரணத்தாலும் முகவரின் கையில் கொடுக்கலாகாது. வங்கிக் கிளையில் நேரில் ஒப்படைத்து, ஒவ்வொரு பத்திரத்தின் எண்ணையும் தேதியையும் குறித்த பட்டியலில் வங்கியின் முத்திரையோடு ஒப்புகை பெற வேண்டும். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும், கணக்கின் கடவுச்சொல்லும், வெற்றுக் காசோலையும் முகவரிடம் கொடுக்கலாகாதவையே.

தோற்றத்தை நம்பி ஏமாறுவது ஏழை எளியவர்க்கு மட்டும் நேர்வதன்று. சென்னையில் பெரும் கௌரவத்தோடு விளங்கிய ஆர்பத்நட் கம்பெனி 1906-ல் முறிந்தபோது, படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் தங்கள் சேமிப்பை இழந்து நின்றார்கள். அந்தத் துயரத்தினிடையே, நம்மவர்களுக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டு, 1907-ல் இந்தியன் வங்கி தோன்றியது. கௌரவமான கட்டடத்தையும் கண்ணியமான பேச்சையும் பார்த்த மாத்திரத்தில் விசாரணையை நிறுத்திவிடக்கூடாது என்ற பாடத்தை நம் நகரம் நூறாண்டுகளுக்கு முன்பே பெரும் விலை கொடுத்துப் படித்திருக்கிறது.

கடன் வந்த பிறகு

நல்ல முகவருக்கும் மற்றவருக்கும் உள்ள பேதம் பணம் பட்டுவாடா ஆன மறுநாள் தெளிவாகத் தெரியும். மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை, சொந்தச் செலவுக்காக வாங்கியதாயின், எப்போது வேண்டுமானாலும் அபராதக் கட்டணம் இன்றி முன்கூட்டியே அடைக்கலாம் என்பதை அவர் தாமாகவே சொல்லியிருப்பார். 40 லட்சத்தை 20 ஆண்டுகளுக்குப் பதில் 15 ஆண்டுகளில் அடைத்தால், எட்டரை சதவீதத்தில் தவணை மாதம் 4,677 ரூபாய் கூடினாலும், மொத்த வட்டியில் 12 லட்சத்துக்கு மேல் மிச்சமாகும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார். மற்றவரோ, இரண்டு வருஷம் கழித்து, கடனை வேறு வங்கிக்கு மாற்றிவிடலாம் என்று மீண்டும் வந்து நிற்பார். மாற்றுவது சில வேளைகளில் லாபகரமானதே. ஆனால், ஒவ்வொரு மாற்றத்திலும் அவருக்குப் புதுத் தரகு உண்டு என்பதையும், நமக்குப் புதுக் கட்டணங்கள் உண்டு என்பதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும், இப்போதைய வங்கிக்கே ஒரு கடிதம் எழுதி, வட்டியைக் குறைக்கக் கேட்பது முதலில் செய்யத்தக்க காரியம்.

தவறு நேர்ந்துவிட்டால் மௌனமாக இருந்துவிடக்கூடாது. முகவர் செய்ததை விவரித்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கி 2021-ல் ஒருங்கிணைத்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கட்டணமின்றி முறையிடலாம். வீட்டுவசதி நிதி நிறுவனத்தைப் பற்றிய புகாரானால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் போக வேண்டும். மாப்பிள்ளையும் அவ்வாறே எழுதினார். வங்கி வட்டியை அரை சதவீதம் குறைக்க இசைந்தது. பிரீமியம் திரும்பக் கிடைக்கவில்லை. பாலிசியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதற்குரிய அவகாசம், அந்த பாலிசி இருப்பதே தெரியாத நாட்களில் கழிந்துவிட்டிருந்தது.

சுத்தமான ஓசை

இத்தனையும் சொன்னதால், முகவர்களே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம் என்று யாரும் கருதலாகாது. மாதச் சம்பளச் சீட்டு இல்லாத மளிகைக் கடைக்காரருக்கும், ஓய்வூதியம் பெறும் தாயோடு சேர்ந்து கடன் கேட்கும் மகளுக்கும், எந்த நிறுவனம் எந்தக் காகிதத்தை ஏற்கும் என்று அறிந்து, அலைச்சலைக் குறைத்து, காரியத்தை முடித்துத் தருகிற நல்ல முகவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரை நான் சென்ற ஆண்டு நேரில் கண்டேன்.

தங்கையின் மகள் கோயம்புத்தூரில் வீடு வாங்க நினைத்தபோது, இம்முறை குடும்பமே கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தது. வந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. நியமனக் கடிதத்தை நாங்கள் கேட்கும் முன்பே மேஜைமேல் வைத்தார். மூன்று வங்கிகளின் நிபந்தனைகளை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் தமக்குக் கிடைக்கும் தரகையும் ஓரத்தில் குறித்திருந்தார். எங்கள் பெண் 45 லட்சம் கடன் வேண்டும் என்றாள். அந்த அம்மையார் அவளுடைய சம்பளத்தையும், குழந்தையின் பள்ளிச் செலவையும், வண்டிக் கடனையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக் கூட்டிப் பார்த்தார்.

“பேங்க் 45 தரும், பாப்பா. ஆனா முப்பத்தஞ்சுக்கு மேல நீ வாங்காதே. ஒருத்தர் சம்பளம் நாலு மாசம் நின்னா உன்னால தாங்க முடியாது. இன்னும் ஒரு வருஷம் சேத்து வச்சுட்டு வாங்கு, வீடு எங்கயும் ஓடிப் போயிடாது” என்றார்.

அந்த வார்த்தையால் அவருடைய தரகும் குறைந்தது, கிடைப்பதற்கும் ஓர் ஆண்டு தள்ளிப்போயிற்று. நோட்டில் எழுதி வைத்த கேள்விகளில் பாதியை நாங்கள் கேட்கவே இல்லை. மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, “மச்சான், இவங்க கையால வாங்கலாம்” என்றார். அவர் குரலில் அன்றைய அவசரம் இல்லை. காசின் ஓசையைக் கேட்டு முடித்தவனுடைய நிதானம் இருந்தது.

கடனைத் தீர்த்த 30 நாட்களுக்குள் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தன்னால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த அம்மையார் விடைபெறும்போது இதையும் சொல்லி, “இந்த விதியை இப்பவே எழுதி வச்சுக்க, பாப்பா” என்றார். வாங்கப்போகும் கடனைப் பற்றிப் பேச வந்தவர், அது தீர்ந்து தாய்ப்பத்திரம் வீட்டுக்குத் திரும்பும் நாளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். எங்கள் பெண் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறாள்.